கருவாயனின் காது

குப்பாயி கெட்டிக்காரிதான். ஆனால் அன்றைக்கு அந்தக் கெட்டிக்காரத்தனமே அவளை மாட்டிவிட்டது.

எண்பத்து மூன்றாம் வருஷப் பஞ்சத்தில் ஊரே காய்ந்து கிடந்தபோது, கரட்டடியில் இருந்த வெள்வேலங்காடு மட்டும் அவள் ஆடுகளுக்குக் காய் உதிர்த்தது. அதை அழித்துத் தைலமரம் வைத்தால் காகித ஆலைக்கு விற்கலாம் என்று கோயில் காரியக்காரர் காளியப்பன் கிளப்பிவிட்டார். ஊர் இரண்டுபட்டது. காடு அம்மன் பேரில் இருந்ததால் அவளையே கேட்டுவிடுவது என்று முடிவானது. கிடாய் மேல் மூன்று முறை மஞ்சள் நீர் ஊற்றுவார்கள். உடம்பை உதறித் துளுக்கினால் கேட்டதற்கு அம்மனுக்குச் சம்மதம், கிடாய்க்கு அங்கேயே வெட்டு. துளுக்காவிட்டால் சம்மதமில்லை, கிடாயும் பிழைக்கும்.

குப்பாயி தன் கிடாய் கருவாயனையே கொடுத்தாள். தாய் செத்ததும் அவள் கையால் பால் குடித்து வளர்ந்தவன். காதுக்குள் தண்ணீர் போகாவிட்டால் அவன் துளுக்கமாட்டான் என்று, இரண்டு காதிலும் எண்ணெய்ப் பஞ்சை அடைத்துவிட்டாள். அழிக்கட்டுமா என்று கேட்கும்போது துளுக்காவிட்டால் காடும் தப்பும், கருவாயனும் தப்புவான்.

காளியப்பன் சொம்பைத் தூக்கினார். "காட்டை அழிக்கட்டுமா தாயீ..."

பூசாரி சென்னியப்பன் பதறிப்போனார். "ஏனுங்க, ஆத்தா முன்னால இப்புடி அச்சானியமாப் பேசலாமுங்களா? இருக்கட்டுமான்னு கேளுங்க."

"செரி. காடு இருக்கோணும்னா துளுக்கு, ஆத்தா!"

கேள்வியே தலைகீழாகிவிட்டது. முதல் சொம்பு. கருவாயன் அசையவில்லை. இரண்டாவது சொம்புக்கும் அவளையே பார்த்துக்கொண்டு சும்மா நின்றான். காளியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவி மனுசன், அதற்குள் அவர் கண் கோடாலியைத் தேடியது. இப்படியே நின்றால் காடு போச்சு. பஞ்சை எடுத்தால் கருவாயன் போனான்.

மூன்றாவது சொம்பு மேலே எழும்போது குப்பாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள்.

"நில்லுங்க சாமி! நாந்தான் காதுல பஞ்சு அடைச்சுப்போட்டேன்!" இரண்டையும் பிடுங்கி எறிந்தாள்.

"அடிப்பாவி! ஆத்தாகிட்டயேவா திருட்டுத்தனம்? இனி இந்தக் கோயல் வாசப்படி மிதிச்சீன்னா பாரு!" காளியப்பன் பல்லைக் கடித்தார்.

"அவளை அப்பறம் பாத்துக்கலாமுங்க. இன்னொரு சொம்பு பாக்கி இருக்குது, ஊத்துங்க" என்றார் பூசாரி.

ஊற்றினார்கள். கருவாயன் தலை முதல் வால் வரை உதறினான். கூட்டம் ஆத்தா பேரைச் சொல்லிக் கத்தியது. காடு பிழைத்தது.

அரிவாள் வருவதற்குள் குப்பாயி அவன் கழுத்துக் கயிற்றைத் தானே அவிழ்த்தாள். அவனை அங்கேயே விட்டுவிட்டு, வெறும் கயிற்றோடு அழுகையை அடக்க முடியாமல் காட்டுக்குள் நடந்தாள். மற்ற ஆடுகள் அங்கே வெள்வேலங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தன. பொழுது சாய, பட்டிக்கு ஓட்டும்போது வாய்தவறி முதலில் அவன் பேரைத்தான் கூப்பிட்டாள்.