ஜெசிந்தாவின் வெளிவராத போன்

ஜெசிந்தாவின் கை தவறி விழுந்து திரை நொறுங்கிய போன், அடுத்த மாதம்தான் வெளிவர வேண்டியது.

அவள் கணவன் கஸ்பார் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். நாள் மாறுகிற தேதிக்கோட்டைத் தாண்டிக் கப்பல் போகிற இடங்களில் அந்த போன் எப்போதோ வெளிவந்து, பழசாகிக்கூட விட்டிருந்தது. அங்கே ஒன்றை வாங்கி, ஊர் திரும்புகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். தூத்துக்குடிக்கு இப்படிப் பல சாமான்கள் முன்கூட்டியே வந்து சேரும். அவற்றை வைத்துப் பராமரிப்பதில் ஒரு சிரமம் உண்டு. வெளியாகும் நாள்வரை அவற்றுக்கு நிலையான உருவம் கிடையாது. ஊரில் அதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்களோ அதன்படி இருக்கும். மூன்று கேமரா என்று பேச்சு வந்தால் முதுகில் மூன்று கண் இருக்கும். நான்கு, ஐந்து என்று பேச்சு வளர்ந்தால் கண்ணும் வளரும். ஜெசிந்தா இதைப் பெரிதுபடுத்தவில்லை. மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் அதை வைத்திருந்தாள்.

ஈஸ்டருக்குப் பிறகு கஸ்பாரிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை. கப்பல் கம்பெனியில் போய்க் கேட்டால், "கப்பல் கடலில் இருக்கிறது" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். பிறகு ஒருநாள் முற்பகலில், அவள் சீலா மீனை நறுக்கிக்கொண்டிருந்தபோது, அந்த போன் அடித்தது. அவன் பெயர் தெரிந்தது. மீன் கையோடு ஓடிப்போய் எடுத்தாள். போன் வழுக்கித் தரையில் விழுந்தது. திரை சிலந்தி வலையாக விரிந்து, கறுத்து, அழைப்பு நின்றது. சற்றுக் கழித்து உள்ளேயிருந்து ஒரு மணிச்சத்தம் விட்டுவிட்டு வரத் தொடங்கியது. குரல்செய்தி வந்திருப்பதற்கான சத்தம் அது.

ஜெசிந்தா கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து யோசித்தாள். வெளிவராத போனுக்கு, அது வெளிவந்த பிறகுதான் யாரும் கூப்பிட முடியும். அப்படியானால் அடுத்த மாதத்திலும் கஸ்பார் இருக்கிறான். தன்னிடம் ஏதோ சொல்லவும் செய்கிறான். என்ன சொல்கிறான் என்பதுதான் தெரியவேண்டும். வருகிறேன் என்கிறானா, வரமாட்டேன் என்கிறானா? அதைக் கேட்காமல் அடுத்த மாதத்துக்குள் போவதில்லை என்று முடிவு செய்தாள். மீனைக் குழம்பு வைத்து இறக்கிவிட்டு, போனை முந்தானையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த இளைஞன் போனைத் தொடவில்லை.

"இப்படி ஒரு போன் இருக்குன்னும் நாங்க சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது மேடம்."

"கண்ணு முன்னால இருக்குல்லா தம்பி."

"அதைப் பத்தியும் நாங்க கருத்துச் சொல்றதில்ல."

அடுத்து அவள் போனது சேர்மத்துரையின் கடைக்கு. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போன் பழுது பார்ப்பவர் அவர். நாற்பது வயது இருக்கும். நிதானமான ஆள். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகிலிருந்த ஐந்து கண்களில் ஒன்று சிமிட்டியது.

"யக்கா, இதுக்குத் திரை வாங்க முடியாது. போனே வரலன்னா திரை எங்கருந்து வரும்?"

"அப்ப என்னதான் செய்யணும்?"

"வந்திருக்கிறது வதந்தி மட்டும்தான். அத வச்சுத்தான் சரிபண்ணணும். 'புது போனுல கண்ணாடி உடைஞ்சா, அதுவே ஆறிக்கும்'னு ஊருக்குள்ள பேச்சு வரணும். நல்லா வேர் பிடிச்சிட்டா இது தானா ஆறிரும். மறுக்க இதுக்கு வழியில்ல."

"அந்தப் பேச்சு இப்ப இருக்கா?"

"இல்ல. நீங்கதான் கிளப்பணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சீக்கிரமாக் கிளப்புங்க. சென்னையில இருந்து வேற ஒரு பேச்சு கிளம்பி வருதாம். போனோட ஒரு புது சாஃப்ட்வேர் வருதுல்லா, அது நாம கேக்காத குரல்செய்தியெல்லாம் அழிச்சிருமாம். மதுரை வரைக்கும் வந்துட்டுன்னு கேள்வி."

ஜெசிந்தா போனைக் காதில் வைத்துப் பார்த்தாள். மணிச்சத்தம் காலையில் கேட்டதைவிட மெலிந்திருந்தது.

மறுநாள் அவள் திரேஸ்புரத்தில் மீன் ஏலம் நடக்கிற இடத்துக்குப் போய், நடுவில் நின்று, புதுப் போனின் கண்ணாடி தானே ஆறிக்கொள்ளும் என்று கணீரென்று சொன்னாள். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். தலையாட்டினார்கள். பிறகு வாளைமீனுக்கு விலை கேட்கப் போய்விட்டார்கள். மாதா கோவில் வாசலிலும் சொன்னாள், ரேஷன் கடையிலும் சொன்னாள். சொன்ன இடத்திலேயே அது கிடந்தது. ஓரடி நகரவில்லை.

"நீங்க சத்தியம் பண்ணுத மாதிரி சொல்லுதீங்க" என்றார் சேர்மத்துரை. "அப்படிச் சொன்னா யார் தூக்கிட்டுப் போவா? யாரோ சொல்லிக் கேட்ட மாதிரி சொல்லணும். கடைசியில 'யார்கிட்டயும் சொல்லிராதீங்க'ன்னு முடிக்கணும்."

அப்படியும் சொல்லிப் பார்த்தாள். இப்போது நகர்ந்தது. ஆனால் நேராக நகரவில்லை. டீக்கடையைத் தாண்டுவதற்குள், கண்ணாடி ஆறும், ஆனால் வெந்நீரில் முக்கவேண்டும் என்றாகிவிட்டது. நாலைந்து பேர் தங்கள் போன்களை வெந்நீரில் முக்கினார்கள். அவை ஏற்கெனவே வெளிவந்த போன்கள். இனி மாறுவதற்கு அவற்றுக்கு இடமில்லை. அவை செத்துப்போயின. அதோடு அந்தப் பேச்சும் செத்தது. சென்னை வதந்தியோ கோவில்பட்டியைத் தாண்டிவிட்டது. அது படித்தவர்களிடமிருந்து கிளம்பியது. வழியில் கோணாமல், புள்ளிவிவரங்களோடு, நேராக வந்துகொண்டிருந்தது.

ஜெசிந்தாவுக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. அதை முதலிலிருந்தே அவள் அறிவாள். அறிந்தேதான் ஒதுக்கி வைத்திருந்தாள்.

கஸ்பாரின் தங்கை மெட்டில்டா பேக்கரியில் மக்ரூன் இனிப்பை நிறுத்துக் கொடுப்பவள். அவள் காதில் ஒரு ரகசியத்தைப் போட்டால் பொழுது சாய்வதற்குள் அது முழுசாக, ஒரு சொல் சிதறாமல், ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் இருவருக்கும் பேச்சுவார்த்தை அறுந்து பல வருடம் ஆகிறது. கஸ்பார் கப்பலுக்குக் கிளம்பிய அன்று, "எங்கண்ணன விரட்டி விட்டுட்டீங்கள்லா மைனி" என்று மெட்டில்டா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அதிலிருந்து ஒரே கோவிலில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து ஒரே பூசையைக் கண்டுவந்தார்கள்.

ஜெசிந்தா சேலையை மாற்றிக்கொண்டு பேக்கரிக்குப் போனாள்.

மெட்டில்டா தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன வேணும்?" என்று முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"உங்கிட்ட ஒரு ரகசியம் சொல்லணும்."

மெட்டில்டாவின் கை நின்றது. "இத்தன வருசமா ஒரு வார்த்தை கிடையாது. வந்ததும் ரகசியமா?"

வதந்தியை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புவது என்றுதான் ஜெசிந்தா வந்திருந்தாள். மெட்டில்டாவுக்கும் கஸ்பாருக்கும் ஒரே மூக்கு. அதைப் பார்த்துக்கொண்டே பேசவேண்டியிருக்கும் என்பதை அவள் மறந்திருந்தாள்.

"உங்கண்ணன் கூப்பிட்டாக" என்றாள். "என்னால எடுக்க முடியல ஏட்டி. கீழ போட்டு உடைச்சிட்டேன். என்ன சொன்னாகன்னு உள்ளேயே கிடக்கு."

மெட்டில்டா கடைக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். இருவரும் பேக்கரிக்குப் பின்புறம் அடுப்புச் சூட்டில் போய் நின்றார்கள். ஜெசிந்தா நடந்ததை எல்லாம் சொன்னாள். மெட்டில்டா போனை வாங்கிக் காதில் வைத்து அந்தச் சன்னமான சத்தத்தைக் கேட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கொண்டு போறேன் மைனி. ஆனா ஒண்ணு. நான் பொய்யக் கொண்டு போறதில்ல. எனக்கு நம்பிக்கை வந்தாத்தான் வாயில நிக்கும். நீங்க எனக்கு மொதல்ல முறையாச் சொல்லணும்."

ஜெசிந்தா அக்கம்பக்கம் பார்த்தாள். மெட்டில்டாவின் தோளைப் பிடித்துக் காதருகே குனிந்தாள்.

"புதுசா ஒரு போன் வருதாம்லா. அதோட கண்ணாடி உடைஞ்சா, நம்ம தோலு ஆறுத மாதிரி அதுவே ஆறிக்குமாம்."

"அப்படியா!" மெட்டில்டாவின் கண் விரிந்தது. "நெசமாவா மைனி?"

"யாரோ சொன்னாக. யார்கிட்டயும் சொல்லிராத."

"நான் ஏன் சொல்லப் போறேன்" என்றாள் மெட்டில்டா. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

அன்று பிற்பகல் முழுவதும் மெட்டில்டா முன்னால் போக, ஜெசிந்தா வதந்திக்குப் பின்னால் போனாள். எங்கெல்லாம் அது சாயப் பார்த்ததோ அங்கெல்லாம் தாங்கி நிமிர்த்தினாள். உப்பளத்தில் ஒருவர், ஆறும், ஆனால் உப்புத் தடவவேண்டும் என்று சேர்த்தார். அதனால் கெடுதல் இல்லை என்று விட்டுவிட்டாள். துறைமுகம் போகிற பஸ்ஸில் இரண்டு பெண்கள், ஆறும், ஆனால் ஆறியபிறகு அது வேறொருவருடைய போனாகிவிடும் என்று பேசிக்கொண்டார்கள். ஜெசிந்தா இரண்டு சீட்டைத் தாண்டிப்போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள்.

"நான் கேள்விப்பட்டது அப்படி இல்லையே. உடைச்சவங்களுக்கேதான் ஆறுமாம்."

"அப்படியா? யார் சொன்னா?"

"அதச் சொல்லக்கூடாது" என்றாள் ஜெசிந்தா. இருவரும் உடனே நம்பினார்கள்.

பொழுது இறங்கும்போது சேர்மத்துரை கடையில் இருவரும் சேர்ந்தார்கள். கால் வீங்கியிருந்தது. சென்னை வதந்தி ஊருக்கு வெளியே சுங்கச்சாவடியில் வந்து நிற்பதாக யாரோ சொல்லிப்போனார்கள். சேர்மத்துரை போனை வெளிச்சத்தில் பிடித்தார். விரிசல்களின் மேல் மெல்லிய பழுப்புநிறப் பொருக்கு கட்டத் தொடங்கியிருந்தது.

"ஆறுது" என்றார். "பொருக்க மட்டும் உரிச்சிராதீங்க. தழும்பு விழுந்திரும். தானா உதிரணும்."

அன்றிரவு மெட்டில்டா ஜெசிந்தா வீட்டிலேயே தங்கினாள். ஜெசிந்தாவின் விரல் போன் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காலையில் பொருக்கு நன்றாகக் காய்ந்திருந்தது. மணிச்சத்தம் எறும்பு ஊர்கிற அளவுக்கு இறங்கிவிட்டது. ஊருக்குள் சென்னை வதந்தி நுழைந்துவிட்டதைப் பால்காரரே சொன்னார். "கேக்காத செய்தியெல்லாம் போயிருமாம்லா" என்றார்.

ஜெசிந்தா கதவைச் சாத்தினாள். பொருக்கின் ஓரத்தில் மெல்ல ஊதினாள். மறுபடி ஊதினாள். மூன்றாவது ஊதலில் பொருக்கு மொத்தமாகக் கழன்று மேசைமேல் விழுந்தது. அடியில் இளங்கண்ணாடி, கொஞ்சம் சிவந்து, ஈரமாக இருந்தது. நுனிவிரலால் தொட்டாள்.

"ஜெசி, நான்தான்" என்றது கஸ்பாரின் குரல். "சென்னையில இறங்கிட்டேன். போன் கடை வாசல்லயெல்லாம் கூட்டமா இருக்கு, இன்னைக்குத்தான் இந்த போன் வெளிவருதாம். நாளைக்குக் காலைல பஸ்ஸுல வந்துருவேன். இத்தன நாளும் ஏன் பேசலன்னு கோவப்படாத. கப்பலுக்குப் பின்னால ஒரு சின்னக் கடல் தொடர்ந்து வந்துச்சு. பாவமா இருக்கேன்னு சோறு போட்டேன். பழகிட்டு. எங்க கப்பல அது விடவே இல்ல, அந்தக் கடலுக்குள்ள டவரும் கிடையாது. இப்ப என்கூடத்தான் வருவேன்னு நிக்கி. பெருசு இல்ல, அடக்கமானதுதான். வீட்டுல எங்கயாச்சும் இடம் பண்ணி வை. மெட்டில்டாட்டயும் சொல்லு, அவளுக்குப் புடிக்கும்."

குரல் முடிந்ததும் செய்தி அழிந்தது. திரை சுத்தமாக இருந்தது.

 மெட்டில்டா எழுந்து பின்னறையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அரிசி மூட்டைய மச்சில ஏத்திருவோம் மைனி. வாசப்படிய ரெண்டு செங்கல் உசத்திக் கட்டணும்."

"ஜன்னல் ஒண்ணு வேணும்லா, காத்துக்கு?"

"கட்டாயம் வேணும்."

போன் வெளிவர இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த மாதம் முழுவதும் அவர்கள் அந்த அறையில் வேலை செய்தார்கள். மெட்டில்டா சிமென்ட் குழைத்துக் கொடுக்க, ஜெசிந்தா பூசினாள். சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு நீல வண்ணம் அடித்தார்கள். போன் வெளியான அன்று கடைத்தெருவில் நிற்க இடமில்லை என்றும், உப்புப் பொட்டலம் ஒன்று பெட்டிக்குள்ளேயே போட்டுத் தருகிறார்கள் என்றும் சேர்மத்துரை வந்து சொன்னார். ஜெசிந்தா அப்போது தரையில் மணல் பரப்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை இருவரும் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். சென்னை பஸ் வந்தது. கஸ்பார் பையோடு இறங்கினான். இளைத்திருந்தான். ஜெசிந்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்குப் பின்னால் கடல், ஒவ்வொரு படியாக நனைத்துக்கொண்டு, நிதானமாக இறங்கியது.

"அதுக்கு அரை டிக்கெட்தான் போட்டேன்" என்றார் கண்டக்டர். "விழுப்புரத்துல இருந்து நின்னுட்டேதான் வந்துச்சு."

"சாப்பிட்டுச்சா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"வழியில ரெண்டு இட்லி" என்றான் கஸ்பார்.

மெட்டில்டா அண்ணனின் பையை வாங்கிக்கொண்டு ஆட்டோ கூப்பிட்டாள். நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஓரத்து இடம்தான் வேண்டும் என்றது கடல். மெட்டில்டா நகர்ந்து கொடுத்தாள்.