கொசுவின் மூக்கில் இருந்த ஈயம்

அவனுக்குத் தராசு என்று பெயர் வைத்தது அவன் படிக்கும் கல்லூரியின் மாதிரி விமானக் குழுதான். திருகாணியோ பசைக் குப்பியோ, எதைக் கொடுத்தாலும் கையில் வைத்து எடை சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். சொன்ன எடை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும் என்று எல்லாரும் விட்டிருந்தார்கள். விட்டிருக்கக் கூடாது.

அவனுடைய தங்கை சிட்டுவும் அதே குழுவில் இருந்தாள். அண்ணன் கடைசி வருடம், இவள் இரண்டாம் வருடம். மாணவர்கள் சேர்ந்து வடிவமைத்து, பால்சா என்னும் இலேசான கட்டையை அறுத்து ஒட்டிச் செய்த விமானத்தை ரிமோட் பிடித்து ஓட்டுபவள் அவள்தான். ஓட்டுவதற்கு முன்னால் இரண்டு இறக்கைகளுக்கும் அடியில் ஒவ்வொரு விரலைக் கொடுத்து விமானத்தைத் தூக்கிப் பார்ப்பது வழக்கம். மூக்கும் சாயாமல் வாலும் சாயாமல் நின்றால் எடை சமமாக இருக்கிறது என்று அர்த்தம். மற்றக் குழுக்களில் இதை ஓட்டுபவரே செய்வார். சிட்டு செய்ய மாட்டாள். அண்ணனிடம் "சரியாண்ணா?" என்று கேட்பாள். அவன் "சரி" என்பான். உடனே ஓடுபாதைக்கு நடந்துவிடுவாள்.

அவர்கள் வந்திருந்த மாணவர் விமானப் போட்டியின் கணக்கு இதுதான். விமானம் எவ்வளவு சுமை தூக்குகிறதோ அவ்வளவு மதிப்பெண், தான் எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அதற்கும் மதிப்பெண். இவர்கள் இந்த வருடம் செய்ததற்குக் கொசு என்று பெயர். போன வருடத்து விமானம் எருமை. ஒருவேளை தேவைப்படும் என்று அதையும் கொண்டுவந்து மைதானத்துக் கூடாரத்தின் மூலையில் போட்டிருந்தார்கள். எருமையின் மூக்கில் இருந்த ஈயக்கட்டியை எடுத்துத்தான் கொசுவின் மூக்கில் வைத்திருந்தார்கள். வால் பக்கம் சாயாமல் மூக்கை அழுத்திப் பிடிக்க வைப்பது; மஞ்சள் டேப் சுற்றிய, கட்டைவிரல் பருமனுள்ள கட்டி.

போட்டியன்று காலையில், எடைமேசை வரிசையில் நிற்கும்போது தராசுக்கு ஒரு யோசனை வந்தது. ஈயம் சும்மா கிடக்கும் சுமை. பேட்டரியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தால் அதுவே ஈயத்தின் வேலையையும் செய்துவிடும். யோசனையில் ஒரு பிழையும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் கட்டியை உருவிப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டான். குறைந்த எடையைப் பார்த்துக் குழுவின் கேப்டன் வாயைப் பிளக்க வேண்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது அவன் ஆசை. எடை போட்டு முடிந்ததும் பேட்டரியை நகர்த்திக்கொள்ளலாம் என்று இருந்தான்.

கேப்டன் வாயைப் பிளந்தான். முதுகில் தட்டினான். "எப்படிடா இவ்வளவு கொறஞ்சுது? மந்திரம் போட்டியா?" என்றான். எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் யாரோ மூக்கின் மூடியை ஒட்டிவிட்டார்கள், குழுவின் பெயரையும் கூப்பிட்டுவிட்டார்கள். பாராட்டு தலைக்கு ஏறியவனுக்குப் பேட்டரி நினைவில் இல்லை.

"சரியாண்ணா?"

"சரி."

கொசு தரையை விட்டு எழுந்தது. எழுந்த கையோடு மூக்கைத் தூக்கியது, தூக்கிக்கொண்டே போனது, ஒரு கணம் வானத்தில் அப்படியே நின்றது. தராசின் கை தானாகப் பேண்ட் பைக்குப் போயிற்று. அவன் வாயைத் திறப்பதற்குள் கொசு தலைகீழாகச் சேற்றில் குத்தி விறகாகிவிட்டது.

குழுவில் ஒரு பழக்கம் இருந்தது. யார் தவறால் விமானம் விழுந்ததோ அவர் உடைந்த ப்ரொப்பெல்லரைக் கயிற்றில் கோத்து அன்று முழுவதும் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். வழக்கமாக அது ஒரு கேலிக்கூத்து. மாட்டிக்கொண்டவரைப் பார்த்து "மாப்பிள்ளை வந்தாச்சு" என்பார்கள். இன்று சிட்டு யாரும் சொல்லாமலே அதைப் பொறுக்கித் தானே மாட்டிக்கொண்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"கை பதறிடுச்சா?" என்று கேப்டன் கேட்டான்.

"மூக்கு இறங்கட்டும்னு ஸ்டிக்கை முன்னாடி தள்ளிட்டேதான் இருந்தேன்" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "தள்ளுறதா நெனச்சு இழுத்துட்டேன் போல. அண்ணன் பார்த்த ப்ளேன்ல தப்பு இருக்காது. என் கைதான்."

"சரி விடு. அடுத்த ரவுண்டு எருமையை வேற யாராவது ஓட்டட்டும்."

"ஆமா. நான் இனிமே தொடல."

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றான் தராசு. இப்போது சொல்லிவிடலாம். இல்லை, கேப்டன் தணியட்டும். தணிந்த பிறகு இன்னும் கொஞ்சம் தணியட்டும் என்று தோன்றியது. கோழைக்கு நல்ல நேரம் என்று ஒன்று வரவே வராது.

அப்பா போன் செய்தார். அவர் பஸ் ஓட்டுநர், இடைவேளையில் கூப்பிட்டார்.

"பாப்பா எப்படி ஓட்டுனா?"

"விழுந்துருச்சுப்பா. அவளுக்குக் கொஞ்சம் கை நடுங்கிருச்சு."

வாய் கூசாமல் வந்தது. வந்த பிறகுதான் உடம்பு கூசியது.

"அதான பார்த்தேன். வண்டி மேல தப்பு இருக்காது, ஓட்டுறவங்க மேலதான் இருக்கும். பரவால்ல, அழ வேண்டாம்னு சொல்லு."

திரும்பினான். தங்கை தண்ணீர் பாட்டிலோடு பின்னால் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "சரியாத்தான சொன்ன" என்று பாட்டிலை நீட்டினாள். அவளுக்குக் கோபமே இல்லை. அவள் அறைந்திருந்தால்கூட அவனால் தாங்கியிருக்க முடியும். பாட்டிலை வாங்கித் திறக்காமலே கீழே வைத்தான்.

அப்போதுதான் கேப்டன் எருமையின் மூக்கைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தினான். "ஈயம் கொசுவுலல்ல இருக்கு? எல்லாரும் போய்த் தேடுங்கப்பா."

விழுந்த இடத்தில் எல்லாரும் மண்டியிட்டுப் புல்லை விலக்கித் தேடினார்கள். சிட்டு முழங்கைவரை சேற்றில் விட்டுத் துழாவினாள். கழுத்தில் ப்ரொப்பெல்லர் ஆடி ஆடி முகவாயில் இடித்தது. தராசும் மண்டியிட்டான். தன் பையில் இருப்பதைப் புல்லெங்கும் தேடினான். பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில், பையிலிருந்து கட்டியை எடுத்துப் புல்லில் நழுவவிட்டான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை அவன் தன் கையாலேயே செய்து முடித்தான்.

"அண்ணா, கெடச்சிருச்சு."

சிட்டுவின் குரலில் அன்று முதல் தடவையாகச் சந்தோஷம் இருந்தது. பாவாடைபோல் தொங்கிய சட்டை நுனியால் கட்டியைத் துடைக்கப் போனாள். துடைக்க ஒன்றுமில்லை. மஞ்சள் டேப்பில் ஒரு கீறல் இல்லை, ஒரு பொட்டுச் சேறு இல்லை. மூக்கு நொறுங்கிச் சேற்றுக்குள் போன விமானத்தின் ஈயம் அது.

அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. அண்ணனைப் பார்த்தாள். அவனுடைய பேண்ட் பையைப் பார்த்தாள்.

"எங்க இருந்துச்சு?" என்று கேப்டன் தூரத்திலிருந்து கேட்டான்.

"இங்கதான். புல்லுல கெடந்துச்சு" என்றாள் சிட்டு.

அவனைக் காப்பாற்றிவிட்டாள். சேறு படிந்த கையோடு, செய்யாத தப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவனுக்காக ஒரு பொய்யும் சொல்லிவிட்டாள். அதற்குமேல் அவனால் முடியவில்லை. எழுந்து போய் அவள் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டான்.  நிஜமாகவே கை நடுங்கியது இவனுக்குத்தான்.

"புல்லுல கெடக்கல. என் பையில இருந்துச்சு" என்றான். "காலையில நான்தான் எடுத்தேன். பேட்டரியை நகர்த்த மறந்துட்டேன். அவ முன்னாடிதான் தள்ளியிருக்கா. எவ்வளவு தள்ளினாலும் அது இறங்கியிருக்காது."

கேப்டன் கெட்ட வார்த்தை ஏதாவது சொல்வான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவன் சொல்லவில்லை. "விழுந்தப்பவே தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.

"தெரியும்."

"அவ மாட்டிக்கிட்டு நின்னப்போ பார்த்துட்டுத்தான் இருந்தியா?"

 கேப்டன் ரிமோட்டைச் சிட்டுவிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

தராசு அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டான். "தப்பு வண்டி மேலதான்ப்பா. வண்டியைப் பார்த்தது நான்" என்றான். அப்பா, "அவகிட்ட சொன்னியா?" என்றார். சொன்னதாகச் சொன்னான். "நானும் அவகிட்டப் பேசணும், சாயங்காலம்" என்று வைத்துவிட்டார்.

இரண்டாம் சுற்றுக்கு அழைத்தார்கள். எருமையின் மூக்கில் ஈயத்தை வைத்து மூடியை ஒட்டிவிட்டு, தராசு பழக்கப்படி ஓர் அடி தள்ளி நின்றான். கழுத்தில் ப்ரொப்பெல்லர் கனத்தது. இந்த முறை இரண்டு தடவை பார்த்திருந்தான், மூன்றாவது தடவையும் பார்த்திருந்தான். அவள் கேட்பாள், சொல்ல வேண்டும் என்று அந்த ஒரு வார்த்தையை நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

சிட்டு வந்தாள். கையைத் தன் சட்டையில் துடைத்தாள். இரண்டு இறக்கைகளுக்கும் அடியில் விரல்களைக் கொடுத்து எருமையைத் தூக்கினாள். மூக்கு கொஞ்சம் ஆடி நின்றது. நின்ற பிறகும் அவள் இறக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ரிமோட்டை எடுத்துக்கொண்டு ஓடுபாதைக்கு நடந்தாள்.