குழந்தைகள் வரிசையில் ஒரு குழி

அந்த இடுகாடு கைவிடப்பட்டது என்று நகராட்சி அறிவித்திருந்தது. வாயிற்கதவைப் பூட்டியதும் அதே நகராட்சிதான். பூட்டிய பிறகு உள்ளே எவரும் வந்து போகவில்லை என்பதையே அது காரணமாகக் காட்டியிருந்தது. பேருந்தின் பின்படியில் நின்றபடி இதைச் செய்தித்தாளில் படித்த கண்டக்டரம்மா, அடுத்த நிறுத்தத்தின் பெயரை வழக்கத்தைவிடச் சற்று உரக்கவே சொன்னாள். அவளுடைய குழந்தை அங்கேதான், குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய வரிசையில் இருந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் மூச்சு விட்ட பெண்குழந்தை. பெயர் வைப்பதற்குள் போய்விட்டது.

மேம்பாலத்துக்கு நிலம் வேண்டியிருந்தது. அதற்கான சட்டம் கருணையோடுதான் எழுதப்பட்டிருந்தது. உரிமை கோரி வரும் உறவினரின் கண்முன்னே குழியைத் திறக்க வேண்டும். கிடைப்பதைப் பெட்டியில் இட்டு முத்திரை வைத்து, ஊருக்கு வெளியே புதிய இடுகாட்டில் தனிக்குழியில் சேர்க்க வேண்டும். எலும்போ பல்லோ கிடைக்காத குழி காலி. காலிக்கு அங்கே இடம் கிடையாது. ஆனால் எந்தக் குழியானாலும், உறவினர் தம் வாயால் ‘மூடலாம்’ என்று சொல்லாமல் ஒரு கூடை மண்கூட உள்ளே விழக்கூடாது.

அன்று காலை அவளுடன் வந்தவர் நாத்தனார் மட்டுமே. ஒரு கையில் மடக்கு நாற்காலியும் மறு கையில் குடையுமாக, யாரோ அழைத்து வந்த சிறப்பு விருந்தினரைப் போலக் குழியோரத்தில் அமர்ந்துகொண்டார். கணவர் வரவில்லை, பல்வலி என்று சொல்லியிருந்தார். தம்பிக்குப் பயம் வந்தால் சின்ன வயதிலிருந்தே பல்லில்தான் வரும் என்று நாத்தனார் விளக்கம் தந்தார்.

தோண்டுபவர்கள் இருவர். இடுப்பளவு ஆழம் வரை மண்வெட்டி. அதன் பிறகு தட்டைக் கரண்டியால் மண்ணைச் சீவினார்கள். மஞ்சள் களிமண்ணின் நடுவே, ஒரு முழ நீளத்துக்குக் கறுத்த திட்டு ஒன்று தெரிந்தது. அதன் விளிம்பில், மக்கிப்போன மரப்பெட்டியின் துருவேறிய ஆணிகள். வேறொன்றும் இல்லை.

நகராட்சியின் மேற்பார்வையாளர் கனிவாகவே பேசினார். பச்சைக் குழந்தையின் எலும்பு மெல்லியது என்றும், இந்த மண் புளித்த மண், எதையும் தின்றுவிடும் என்றும் சொன்னார். அந்த வாரத்தில் பலமுறை சொல்லிச் சொல்லி அந்தக் கனிவு வழவழப்பேறியிருந்தது. மூடலாமா என்று கேட்டார்.

கண்டக்டரம்மா புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். திட்டின் அருகே உட்கார்ந்தாள்.

“சுத்தி எல்லாம் மஞ்சளா இருக்கே, இது மட்டும் ஏன் சார் கறுத்திருக்கு?”

மேற்பார்வையாளர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். “உடம்பு கரைஞ்ச இடம்மா.”

“அப்ப இது எப்படி காலி?”

விதி எலும்பையோ பல்லையோதான் கேட்கிறது என்றார் அவர்.

“பொறந்த மறுநாள் போன புள்ளகிட்ட பல்லு கேக்குறீங்களே தம்பி,” என்றார் நாத்தனார். “அந்த விதியை எழுதினவரு வாய் நெறைய பல்லோடயா பொறந்தாரு?”

தோண்டுபவர்களில் ஒருவர் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

மண் தள்ளும் இயந்திரம் வேலையின்றி உறுமிக்கொண்டு நின்றது. மேற்பார்வையாளர் மேலிடத்துக்குத் தொலைபேசினார். மேலிடம் கணவருக்குத் தொலைபேசியது. கணவர் மனைவியை அழைத்தார். நடந்தது நடந்துவிட்டது, வீட்டுக்கு வா என்றார். நடந்ததை முடிந்ததென்று சொல்ல வேண்டுமானால் அதை இங்கே வந்து நின்று சொல்லும்படி கேட்டுக்கொண்டு, அவள் கைபேசியை மேலே நீட்டினாள். நாத்தனார் அதை வாங்கித் தம்பியிடம் பேசிய பேச்சில், வேலியோரப் பந்தலில் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்களும் பல்வலியைப் பற்றி அறிந்துகொண்டார்கள்.

அடுத்து ஒரு சலுகை வந்தது. வெறும் பெட்டிக்கே முத்திரை வைத்துப் புதிய இடத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லும் நட்டுத் தருவார்களாம். ஆறுதலாக இருக்குமாம்.

“என் புள்ளைய இங்க விட்டுட்டு, அங்க போய்க் காத்துக்குப் பூப்போடச் சொல்றீங்களா?” என்றாள்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது மேற்பார்வையாளர் தனியாக வந்தார். குழியோரத்தில் குந்தி, குரலைத் தாழ்த்தினார்.

“சரிம்மா. இந்த மண்ணையே எடுத்துக்குங்க. பெட்டி, முத்திரை, இடம் எல்லாம் உண்டு. வெளியில மட்டும் சொல்லாதீங்க.”

அவளுடைய உள்ளங்கை அந்தக் கறுத்த மண்ணின்மேல் இருந்தது. இதற்குத்தான் வந்தாள். வேறெதற்கும் வரவில்லை. தலையை ஆட்டினால் போதும். மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆட்டத்தான் போனாள். ஆனால் சொல்லக்கூடாதென்றால் யாரிடம் என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றது. பந்தலில் ஒரு வெல்டரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய குழந்தையின் குழி முந்தின நாளே மூடப்பட்டுவிட்டது. இன்று அவர்களுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தும் வந்திருந்தார்கள்.

“நேத்து அவங்க குழியிலயும் இப்படி இருந்துச்சா?”

மேற்பார்வையாளர் தம் காலணியைப் பார்த்தார். “இந்த வரிசை பூரா இப்படித்தாம்மா.”

“அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“காலின்னு.”

நெரிசலில் பிதுங்கும் பேருந்தின் பின்படியிலிருந்து முன்படிவரை கேட்கும் குரல் அவளுடையது. அதைப் பந்தலை நோக்கித் திருப்பினாள்.

“வெல்டர் சார், உங்க குழி காலி இல்ல. மண்ணு கறுத்திருந்தா அது உடம்பு கரைஞ்ச இடம்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இங்க வந்து இதைப் பாருங்க.”

பந்தலில் எல்லோரும் எழுந்தார்கள். வரிசை முழுவதையும் மறுபடி திறந்தால் பாலத்தை எப்போது கட்டுவது என்று மேற்பார்வையாளர் கேட்டார். அதில் கோபத்தைவிடக் களைப்பே மிகுந்திருந்தது.

“பாலம் இல்லாமத்தான் சார் தினம் பஸ் ஓடுது. நான் அதுலதான் நிக்கிறேன்,” என்றாள் கண்டக்டரம்மா.

அவர் மறுபடி தொலைபேசினார். இம்முறை நெடுநேரம் பேசினார்; பேசியதைவிடக் கேட்டுக்கொண்டிருந்ததே அதிகம். கைபேசியைப் பைக்குள் போட்டதும் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

திட்டைச் சுற்றி ஆழமாகக் கீறி, அடியில் பலகை செலுத்தி, உடையாமல் பெயர்த்தார்கள். பெட்டிக்குள் அதை இறக்கியது அவள்தான். அன்று மருத்துவமனையில் கையில் வாங்கியதைவிட இது கனத்தது. ஆணிகளையும் ஓரத்தில் வைத்தாள். எல்லோரும் பார்த்திருக்க முத்திரை விழுந்தது. நாத்தனார் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக் குடையை அதன்மேல் சாய்த்துப் பிடித்தார். அந்தப் பெண்மணி பேசாமல் இருந்தது அப்போது மட்டும்தான்.

“இப்ப மூடலாமாம்மா?” என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

அவள் ஏறி வரவில்லை. குழியின் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டாள்.

“முதல்ல அவங்களதைத் திறங்க. அதுவரைக்கும் என் வாயிலேர்ந்து அந்த வார்த்தை வராது.”

இயந்திரம் ஓட்டுபவர் நிலைமையைப் புரிந்துகொண்டு எஞ்சினை அணைத்தார். வெல்டர் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. மண்மேட்டில் செருகியிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வரிசையின் மறுகோடிக்கு நடந்தார். அவர் மனைவி பின்னாலேயே போனாள். தோண்டுபவர்கள் இருவரும் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் தட்டைக் கரண்டிகளை எடுத்துக்கொண்டு வெல்டரின் பின்னே போனார்கள்.