மூன்றாவது அடி

வடக்குப்பட்டு அம்மன் கோயிலின் மின்சார மேளத்தில் ‘நாகப்பன் – சின்னப்பொண்ணு குடும்பத்தார் உபயம்’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். ஆடி முதல் வெள்ளி, தீபாராதனை நேரத்தில் அந்த மேளம் வாயே திறக்கவில்லை.

“இன்னா நாகப்பா, உன் மேளத்துக்கு வாய் கட்டிப்போச்சா? அடுத்த வெள்ளிக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா நான் புதுசு வெச்சுக்கிறேன்” என்றார் கோயில் தர்மகர்த்தா சண்முகசுந்தரம், நாலு பேர் காதில் விழும்படி.

நாகப்பன் நிமிர்ந்த தலையோடுதான் வீடு திரும்பினார். சோறுதான் இறங்கவில்லை.

மேளத்தை இயக்கும் பெட்டி எரிந்திருந்தது. அதைச் செய்த கம்பெனியையே மூடிவிட்டார்கள். ஒரகடம் தொழிற்சாலையில் டெஸ்டிங் லைனில் வேலை பார்க்கும் மருமகள் கலைமதி, ஷிப்ட் முடிந்து வந்து பரணிலிருந்த பழைய லேப்டாப்பை இறக்கித் துடைத்தாள்.

“இதுல லினக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு மேளத்த ஓட்டிறலாம் மாமா. இலவசந்தான்.”

அவருக்குச் சுருக்கென்றது. “அம்மனுக்கு ஓசிச் சரக்கா? நம்ம வூட்டு உபயம்மா அது!”

“ஓசி இல்ல மாமா. கோயில் குளத்த ஊரே கூடி வெட்டுச்சு. யாரு வேணா மொண்டுக்கலாம், தூரும் வாரலாம். இதுவும் அப்டிதான். பெட்டிக்காரன் பூட்டிக் குடுத்துட்டுப் போயிட்டான். இதுக்குப் பூட்டே இல்ல. இத எழுதுனவங்க மேளத்த நெனச்சுக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க. நாம சொன்னா அடிக்கும்.”

வியாழன் மாலை மேளம் அடித்தது, பிசிறில்லாமல். நாகப்பன் முகம் மட்டும் தெளியவில்லை.

பதினைந்து வருடத்துக்கு முன் அதன் சுவிட்சை முதலில் போட்டவள் அவர் மனைவி சின்னப்பொண்ணு. அந்தப் பெட்டியில் மூன்றாவது அடி எப்போதும் சற்றுப் பிந்தி விழும். “உங்களாட்டமே முறுக்கிக்கினு வருது பாருங்க” என்று முந்தானையால் வாய்பொத்திச் சிரித்தாள். அதன்பின் வெள்ளிதோறும் அந்த அடிக்கு அவரும் பெண்கள் வரிசையில் நிற்கும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவள் போய் நாலு வருடம்.

“மூணாவது அடி கொஞ்சம் தாமசமா வருமேம்மா…”

“அது பழைய பெட்டியோட கோளாறு மாமா.”

“தெரியும்.”

கலைமதி அவரை ஒரு கணம் பார்த்தாள். “எவ்ளோ தாமசம்? தட்டிக் காட்டுங்க.”

நாலு பேர் முன்னால் கைதட்டியே அறியாத மனிதர், இரண்டு தட்டுத் தட்டி, நிறுத்தி, மூன்றாவதைத் தட்டினார். அவள் லேப்டாப்பில் ஒரு வரியை மாற்றினாள்.

வெள்ளிக்கிழமை தீபாராதனை. சண்முகசுந்தரம் காதைத் தீட்டினார். “இன்னாப்பா, நொண்டுதே! இன்னும் சரியாவலியா?”

“எல்லாம் சரியாதான் கீது” என்ற நாகப்பன், அடுத்த மூன்றாவது அடிக்குப் பெண்கள் வரிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.