முகவரியில் நின்ற சொல்

அந்த இணையச் செய்தித் தளத்தின் பக்க முகவரிகளைச் சீர்செய்தவள் அவள்தான். முன்பெல்லாம் ஒவ்வொரு செய்தி முகவரியின் பின்னாலும் கேள்விக்குறியும் எண்களுமாக ஒரு வால் தொங்கும். தளத்தை இயக்கும் நிரலில் விதி எழுதி, தலைப்பின் சொற்களையே கோடு போட்டுக் கோத்து முகவரியாக்கினாள். பார்த்தாலே புரியும், தேடுபொறியும் அள்ளிக்கொண்டு போய் முதலில் வைக்கும். பின்னால் தலைப்பு மாறினாலும் முகவரி மாறாது. பகிர்ந்த இணைப்புகள் அறுந்துவிடக் கூடாதே!

வாசகர் எண்ணிக்கையே மூச்சாக இருந்ததால் ‘ஹிட்டு’ என்று பெயர் வாங்கிய மேலாளர் அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்.

ஒரு மதியம் ஒரு தையல்காரர் அலுவலகத்துக்கு வந்தார். அவர் மனைவி மொட்டைமாடியிலிருந்து வழுக்கி விழுந்து இறந்தவள். முதல் நாள் செய்தி அவரையே கொலைகாரராக்கியது. விபத்துதான் என்று விசாரணையில் தெரிந்ததும் தலைப்பை மாற்றிவிட்டார்கள்.

“தலைப்பை மாத்திட்டீங்கம்மா, சரி.” போனை நீட்டினார். “மேல இருக்கிறதைப் படிங்க.”

மனைவியை-தள்ளிக்-கொன்ற-தையல்காரர்.

“கடைப் பேரைத் தேடினா இதுதான் முதல்ல வருது. பொண்ணு கிளாஸ்ல யாரோ அனுப்பியிருக்காங்க. இப்பல்லாம் அவ என்கூட உக்காந்து சாப்பிடறதில்ல.”

முகவரியை மாற்றலாமா என்று கேட்க அவள் மேலாளரிடம் போனாள்.

ஹிட்டு தன் அறையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். “அதை மட்டும் தொடாதே. ஜனங்க அந்த வார்த்தையைத்தானே தேடறாங்க? உள்ள விபத்துன்னு போட்டிருக்கோமே!”

“அவர் வெளியில நிக்கிறார் சார்.”

“ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பு.” உதட்டில் ஒட்டிய தூளை நாக்கால் துழாவி எடுத்தார். இந்த வாய்க்குத் தீனி போடத்தானா மாங்கு மாங்கென்று உழைத்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

இருக்கைக்குத் திரும்பியவள் செய்திக்குப் புது முகவரி கொடுத்தாள். பழையதை ‘இந்தப் பக்கம் இனி இல்லை’ என்று அடைத்தாள்.

வெளியே காத்திருந்தவரிடம், “தேடுபொறி மறக்கக் கொஞ்ச நாளாகும் அண்ணா,” என்றாள்.

“எத்தனை நாளும்மா?”

“தெரியலை.”

அவர் படியிறங்கினார்.

எண்ணிக்கை சரிந்ததை ஹிட்டு சாயங்காலமே மோப்பம் பிடித்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தாள். அவரோ சிரித்தார். “போகட்டும் விடு, அதுல சாறு தீர்ந்துபோச்சு. புதுசா ஒரு சாவு வந்திருக்கு. முகவரிக்குச் சூடா நாலு வார்த்தை கோத்துக் குடு.”

“நீங்களே கோத்துக்குங்க. நாளையிலிருந்து நான் வரலை.”

பேருந்தில் உட்கார்ந்து கடைப் பெயரைத் தேடிப் பார்த்தாள். பழைய வரி இன்னும் முதலிலேயே நின்றது. தொட்டால் பக்கம் திறக்கவில்லை. படிக்கிறவர்களுக்கு அந்த வரியே போதும்.