எதிர்பார்க்கும் பதில்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கட்டத்திலிருந்து வந்தது. ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்கள் ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் பாடத்திட்டம் எழுதுவார்கள். பக்கத்துக்கு மூன்று கட்டங்கள். முதலாவதில் ஆசிரியர் செய்வது, இரண்டாவதில் அவர் கேட்கும் கேள்வி, மூன்றாவதில் 'எதிர்பார்க்கும் பதில்'. பிள்ளைகள் வாயைத் திறப்பதற்கு முந்தைய நாளே அவர்கள் பதிலை எழுதிவைத்துவிட வேண்டும். எவ்வளவு அழகான ஏற்பாடு. எவ்வளவு

(அந்த வாக்கியம் வேண்டாம்.)

2

பயிற்சி ஆசிரியை ஒருத்தி. மேற்பார்வையாளர் அவளுடைய பாடத்திட்ட ஏட்டைப் புரட்டினார்.

"எல்லாம் புத்தகத்துல இருக்கிற பதிலாவே இருக்கேம்மா. கொஞ்சம் கற்பனை வேணாமா?"

அவள் கற்பனையைத் தன் கட்டத்தில் போடாமல் பிள்ளைகளின் கட்டத்தில் போட்டாள். தவறு அங்கேதான். 'தட்டில் இருந்த தண்ணீர் எங்கே போனது?' என்ற கேள்விக்கு எதிரே, 'வெயிலுக்குத் தாகம் மிஸ், குடிச்சிடுச்சு' என்று எழுதினாள்.

மறுநாள் மூன்றாம் பெஞ்சுச் சிறுமி எழுந்து அதையே சொன்னாள். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

ஏட்டில் அந்தப் பதிலுக்குக் கீழே ஆசிரியை எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்ட பதில் ஒன்றும் இருந்தது. சிறுமிக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். "தண்ணி பயந்து போயி" என்றாள். அத்தோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

(முதல் வரைவில் இங்கே ஒரு ஜன்னல் தானாகச் சாத்திக்கொண்டது. எடுத்துவிட்டேன். ஜன்னல் தேவைப்படவில்லை.)

3

மாலை, விடுதி அறையில் தோழி சிரித்தாள். "நாங்கெல்லாம் தொண்டத்தண்ணி வத்தக் கத்துறோம். உனக்குக் கேட்டதுமே பதில் வருது. கசக்குதாடி?"

"அதுங்க என்னைப் பாக்கலடி. என் ஏட்டைத்தான் பாக்குதுங்க. நான் அதை மூடித்தான் வெச்சிருந்தேன்."

தோழி சிரிப்பதை நிறுத்தினாள்.

வகுப்பில் நடந்ததைக் கேள்விப்பட்ட மேற்பார்வையாளருக்கோ வேறு சந்தேகம். "சொல்லிக் குடுத்து ஒப்பிக்க வெச்சிருக்கேம்மா. நாளைக்கு நான் பின்னால உக்காருவேன். ஏட்டுல இல்லாத பதில் ஒண்ணே ஒண்ணு வரணும். வரலேன்னா இந்த வருஷம் தேற மாட்டே."

4

அவள் மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டாள். அதே கேள்வியைக் கேட்டாள். முப்பத்து நான்கு பிள்ளைகளும் எழுந்தார்கள். வாய்கள் திறந்தன. சத்தம் வரவில்லை. திறந்த வாய்கள் மூடவும் இல்லை.

பின்னால் மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்தார்.

5

முடிவுக்கு வழிகள் உண்டு. அவள் ஏட்டைக் கிழித்துப் போடலாம். [எழுதிப் பார்த்தேன். முதல் தாள் கிழிந்ததும் பிள்ளைகள்] இல்லை, அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது.

இல்லாவிட்டால் நானே மூன்றாம் பெஞ்சுச் சிறுமிக்குப் புதிய பதில் ஒன்று தரலாம். நல்லதாகவே கைவசம் இருக்கிறது. ஆனால் இது எப்படி வேலை செய்கிறது என்று கவனியுங்கள்: நான் எழுதிய கணமே அதுவும் எழுதிவைத்த பதிலாகிவிடும். ஆசிரியை தோற்றுவிடுவாள்.

"யாராவது சொல்லுங்கம்மா," என்கிறாள் அவள். "தப்பா இருந்தாலும் பரவால்ல."

அந்தச் சிறுமி இப்போது உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறாள், வாய் திறந்தபடி. தட்டில் இருந்த தண்ணீர் எங்கே போனது? உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள். ஓரத்தில் குறித்துவைக்க வேண்டாம். வாய்விட்டு, இப்போதே. பிள்ளைகள் நின்றுகொண்டே இருக்கிறார்கள்.