கட்டைவிரல் ஆகாயம்

சுவருக்கு வண்ணம் அடிக்கிற தக்கை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தரையிலிருந்து எழும்பி, மொட்டைமாடியைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி உயரத்துக்குப் போய் நிற்பார். சாப்பிட்டது செரிக்கச் செரிக்க இறங்கி, மாலை வேலைக்குக் கிளம்பிவிடுவார். எங்கள் தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சாப்பிட்டதும் ஒருத்தருக்கு ஏப்பம் வரும், ஒருத்தருக்குத் தூக்கம் வரும், இவருக்கு இது வரும். மனைவி அவர் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் துணி காயப்போடும் கம்பியில் முடிந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போவாள். உயரமான சுவரில் வேலை என்றால் தக்கை சாப்பாட்டைக் கையோடு எடுத்துப் போவார். அவர் ஏணி என்று ஒன்று வாங்கியதே இல்லை.

பெரிதாக எடுத்துக்கொண்டவர் ஒரே ஒருத்தர்தான். அது தக்கையின் மச்சான், மனைவிக்கு அண்ணன். ஊர்க்கோடியில் இருக்கும் சின்ன விமான நிலையத்தின் கோபுரத்தில் அவருக்கு வேலை. வருகிற விமானத்தை இறங்கு என்பார், கிளம்புகிற விமானத்தைப் பொறு என்பார், அவையும் கேட்கும். தங்கை கல்யாணத்தன்று விருந்து முடிந்து குடும்பமாகப் படம் எடுக்க நின்றபோது மாப்பிள்ளை எழும்பிவிட்டார். அந்தப் படத்தில் மாப்பிள்ளை இல்லை. அவருடைய செருப்புகள் மட்டும் இருக்கின்றன, இடது செருப்பு மச்சானின் உச்சந்தலையில். மண்டபமே சிரித்தது. "மனுஷனுக்குக் குடுத்தேன்னு நெனச்சேன், பலூனுக்குக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதன்பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை, மாப்பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கைதான் அண்ணன் வீட்டுக்குப் போவாள், அழுவாள், வருவாள். சமாதானம் பேச நாங்கள் சிலர் போனோம். போனவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், அந்தப் படத்தை ஒருதரம் பார்க்கலாமா என்று கேட்டு, பார்த்ததும் சிரித்துத் தொலைத்து, காரியத்தை அடியோடு கெடுத்துவிட்டு வந்தோம்.

பல வருஷங்களுக்குப் பிறகு அந்த நிலையத்துக்குக் கொஞ்சம் பெரிய விமானம் ஒன்று வர ஆரம்பித்தது. பெரிய விமானத்துக்குப் பெரிய ஆகாயம் வேண்டும் என்பதால், கோபுரத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் வான்வெளியின் எல்லையை விரித்து வரையும்படி தலைமை அலுவலகத்தில் உத்தரவாயிற்று. அங்கே படம் வரைகிறவர் வட்டம் போடுவதற்கென்றே ஒரு பிஸ்கட் டப்பா மூடி வைத்திருந்தார். மூடியை அழுத்திப் பிடித்தபோது அவருடைய கட்டைவிரல் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்தது. பென்சில் மரியாதையாக விரலைச் சுற்றிக்கொண்டு போனது. வட்டத்தில் இதென்ன புடைப்பு என்று மேலதிகாரி ஒரு நிமிஷம் யோசித்தார். கேட்டால் தனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும் என்று கையெழுத்துப் போட்டார். விரலின் நகம் இருந்த இடம் எங்கள் தெரு. அன்றிலிருந்து தக்கை வீட்டு மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவருக்கு மேலே உள்ள காற்றெல்லாம் கோபுரத்துக்குச் சொந்தமாயிற்று.

அதைச் சொல்வதற்கு ஓர் அதிகாரி வந்தார். பறப்பதை அவர் தடுக்கவில்லை. கேட்காமல் பறக்கக்கூடாது, அவ்வளவுதான். கையடக்க வானொலி ஒன்றைக் கொடுத்துவிட்டு, "என்ன ரகம்னு போடறது? விமானமா, பலூனா?" என்று கேட்டார். "புருஷன்னு போடுங்க" என்றாள் மனைவி. "எடை?" "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லாமல் இருக்கக்கூடாது என்பது கோபுரத்தின் முதல் விதி. அது மச்சானின் கழுத்தைப் பிடித்தது.

"கோபுரம், தக்கை பேசறேன். சாப்பிட்டாச்சு. எழும்ப அனுமதி வேணும்."

நெடுநேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "தக்கை, காத்திருக்கவும்."

"நாற்காலியோட எழும்பிட்டிருக்கேன், மச்சான்."

"கோபுரம் என்று அழைக்கவும். குறைவாகச் சாப்பிட்டிருக்க வேண்டும்."

"உங்க தங்கச்சி விட்டாத்தானே!"

"தொட்டி உயரம் வரை அனுமதி. கால்களைக் கவனமாக வைத்துக்கொள்ளவும்."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற மனைவிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அண்ணன் பேசிவிட்டான், அரசாங்கத் தமிழில் என்றாலும் பேசிவிட்டான். அன்றிலிருந்து தினமும் பேசினார்கள். கோபுரம் காற்றின் திசை சொல்லும், தக்கை சாப்பாட்டின் அளவு சொல்வார். ஒரு மழைக்காலத்தில் கோபுரம், "தங்கையின் இருமல் எப்படி உள்ளது, தெரிவிக்கவும்" என்று கேட்டது. ஆனாலும் மச்சான் படி ஏறவில்லை, மாப்பிள்ளை என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

இந்த நிலையில்தான் தலைமை அலுவலகத்துக்குப் புதிய மேலதிகாரி வந்து, புடைப்பைப் பார்த்து, தன் விரலை வைத்துப் பார்த்து, விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் புடைப்புக்குள் தினசரிப் போக்குவரத்து உண்டு என்று கோபுரத்திலிருந்து பதில் போயிற்று. அதை நேரில் பார்த்தால்தான் விரல் நிலைக்கும், இல்லாவிட்டால் வட்டம் வட்டமாகிவிடும் என்று முடிவாகி, வானொலி கொடுத்த பழைய அதிகாரியே மத்தியானத்தில் வந்து மொட்டைமாடியில் உட்கார்ந்தார். விரல் போனால் வானொலியும் போகும், அண்ணன் குரலும் போகும். மனைவி விழுந்து விழுந்து சமைத்தாள். தக்கைக்கோ கவலையில் ஒரு வாய் இறங்கவில்லை. தட்டின் முன்னால் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்க்க வந்த நாங்கள், "சாப்பிடுய்யா, மானம் போகுது" என்று கத்தினோம். அதில் அவர் தட்டையே தள்ளி வைத்துவிட்டார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார்.

அப்போது வானொலி தானாக இரைந்தது. கோபுரம் தானே முன்வந்து கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன, சத்தத்தையே காணோம்? சாப்பிட்டீங்களா, மாப்ளே?"

"இல்ல மச்சான்" என்றார் தக்கை. சொல்லும்போதே நாற்காலியை விட்டு எழும்பிவிட்டார். வெறும் வயிற்றோடு, தொட்டியையும் தாண்டி, கயிறு விறைத்து நிற்கும் வரை போனார். போக்குவரத்து இருப்பதாக எழுதிக்கொண்ட அதிகாரி, மிஞ்சிய சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு நடந்தே போனார்.

விரல் இன்னமும் வரைபடத்தில் இருக்கிறது. வெளியூர் விமானிகள் ஏன் என்று கேட்காமல் வளைத்து ஓட்டிப் போகிறார்கள். மச்சானுக்கு விடுமுறை நாளில் தங்கை வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்டதும் மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்காருவார். மேலே தக்கையின் இடது செருப்பு தலையில் தட்டினால், நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்வார்.